டிவி கேம், கேசட், கன்: பழைய 8-பிட் பெட்டி சேர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கே பேசப்போவது 1990-களில் நம் ஊர் வீடுகளுக்கு வந்த டிவி கேம்களைப் பற்றி மட்டும். மஞ்சள் கேசட்டைச் செருகி, டிவி ட்யூனரைத் திருகித் திருகிப் படத்தைப் பிடித்து, இரண்டு பேர் தரையில் சம்மணம் போட்டு ஆடிய பெட்டிகள். பிளேஸ்டேஷன் சேர்ப்பவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

எங்கள் வீட்டில் இருந்தது நின்டெண்டோதானே?

அநேகமாக இல்லை. ஜப்பான் நிறுவனமான நின்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற கேம் பெட்டி 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் 14,800 யென் விலையில் வந்தது. மசாயுகி உயெமுரா தலைமையில் வடிவமைத்தது. அதையே வேறு கூடு போட்டு, 1985-ல் அமெரிக்காவில் என்இஎஸ் என்று விற்றார்கள். நம் கடைகளில் தொங்கியவை இந்த இரண்டும் அல்ல. தைவானிலும் சீனாவிலும் செய்த நகல்கள். மேலே மீடியா, லிட்டில் மாஸ்டர், டெர்மினேட்டர் என்று என்ன எழுதியிருந்தாலும் உள்ளே இருந்தது ஃபேமிகாமின் மூளைதான். சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்ததும் பெரும்பாலும் இதே சாதிதான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இது நமக்கு மட்டும் நடந்ததல்ல. இதே நகல் ரஷ்யாவில் டென்டி, போலந்தில் பெகாசஸ். அந்த ஊர்களில் நம் வயதுக்காரர்களுக்கு அந்தப் பெயர்தான் 'வீடியோ கேம்' என்பதன் பொருள்.

ஒரிஜினல் ஏன் இங்கே பரவவில்லை என்பதற்கு ஒரு விலைப்பட்டியல் போதும். 1995-ல் சேகா என்ற இன்னொரு நிறுவனத்தின் மெகா டிரைவ் பெட்டியை ஷா வாலஸ் நிறுவனம் இந்தியாவில் முறைப்படி விற்றது. விலை 18,000 ரூபாய். அந்தப் பணத்துக்கு அன்றைக்கு ஒரு கலர் டிவியே வீட்டுக்கு வந்துவிடும்.

அப்படியானால் டூப்ளிகேட்டைப் போய் காசு கொடுத்து சேர்ப்பதா?

ஆமாம். சேர்க்க வேண்டியதே அதைத்தான்.

ஒரிஜினல் ஃபேமிகாம் உலகத்தில் எத்தனையோ பேரிடம் பத்திரமாக இருக்கிறது. அதன் ஒவ்வொரு கேசட்டுக்கும் பட்டியல், படம், வெளியான தேதி எல்லாம் உண்டு. நம் பெட்டிகளுக்கு அப்படி எதுவும் இல்லை. எந்தக் கடை, எந்தப் பெயரில், எந்த அட்டைப்பெட்டியில் விற்றது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பழுதானதும் பரணுக்குப் போனது, பரணிலிருந்து காயலான் கடைக்குப் போனது. ஒரு லிட்டில் மாஸ்டர் அட்டைப்பெட்டி தெர்மோகோலோடு, விலைச் சீட்டோடு கிடைத்தால் என் கணக்கில் அது ஜப்பான் ஃபேமிகாமைவிட அரிது. சந்தை விலை அப்படிச் சொல்லாது. அது நமக்கு நல்லதுதான்.

இன்னொன்று: நீங்கள் ஆடாத பெட்டியை வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள்? அமெரிக்க யூடியூப்காரர் அலமாரியில் இருக்கிறது என்பதற்காகச் சாம்பல் நிற என்இஎஸ் வாங்கிய பலர், படம் எடுத்துப் போட்டுவிட்டு ஒரு மாதத்தில் விற்றுவிடுகிறார்கள்.

9999999 இன் 1 கேசட்டில் உண்மையிலேயே எத்தனை கேம்?

வண்டி வண்டியாகப் பொய். உள்ளே இருப்பது பெரும்பாலும் சில டஜன் கேம்; சிலவற்றில் பத்தைக்கூடத் தாண்டாது. பட்டியலின் முதல் பக்கத்தில் மரியோ வரும். பத்துப் பக்கம் தள்ளி வேறு பெயரில் வந்து நிற்பதும் அதே மரியோ, ஆனால் நான்காம் உலகத்திலிருந்து தொடங்கும். டாங்க் கேமில் சுவர் மாறியிருக்கும். சில வரிசைகளில் அந்த மாற்றமும் கிடையாது, பெயர் மட்டும் வேறு.

எப்படி இவ்வளவு சின்ன இடத்தில் அடைத்தார்கள் என்றால், ஆரம்பகால கேம்கள் அவ்வளவு சிறியவை. சூப்பர் மரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தில் அதைப் பல டஜன் தடவை வைக்கலாம். டக் ஹன்ட், எக்ஸைட்பைக், ஐஸ் கிளைம்பர், பலூன் ஃபைட், டாங்க் என்று நாம் அழைத்த பேட்டில் சிட்டி எல்லாமே இந்த அளவுக்குள்தான். அதனால்தான் எந்தப் பல-கேம் கேசட்டை எடுத்தாலும் திரும்பத் திரும்ப இதே முகங்கள். கான்ட்ரா 128 கிலோபைட். அது வேண்டுமென்றால் தனிக் கேசட், அல்லது கொஞ்சம் விலை கூடிய 'நாலு கேம்' கேசட். கான்ட்ரா வைத்திருந்த பையனுக்குத் தெருவில் தனி மரியாதை இருந்ததற்குப் பின்னால் சிப் விலை இருக்கிறது.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்று லேபிள் ஒட்டிய கேசட் பலரிடம் இருந்தது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 இந்தப் பெட்டிக்கு அதிகாரபூர்வமாக வந்ததே இல்லை. நீங்கள் ஆடியது உரிமமில்லாமல் யாரோ புதிதாக எழுதிய நகல். தூக்கிப் போடாதீர்கள், சேர்ப்பவர்கள் தேடுவது அதைத்தான்.

எமுலேட்டரில் (பழைய பெட்டிபோல நடிக்கும் மென்பொருள்) மரியோ போட்டுப் பார்த்தேன். வேகமாக ஓடுகிறது, பாட்டும் வேறு மாதிரி. என் ஞாபகம் தப்பா?

உங்கள் ஞாபகம் சரி. எமுலேட்டர் காட்டுவது ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஓடிய மரியோவை.

அந்த நாடுகளின் டிவி வினாடிக்கு 60 முறை திரையை வரையும். 'பால்' (PAL) என்ற முறையில் ஓடும் நம் ஊர் டிவி 50 முறை. கேமின் ஒவ்வொரு அசைவும் பாட்டின் ஒவ்வொரு அடியும் இந்த எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவை. பால் நாடுகளுக்கென்று செய்த நகல் பெட்டிகள் பெரும்பாலும் 50-ல் ஓடின. அதனால் மரியோ ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடினார். ஆனால் நகல் செய்தவர்கள் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தார்கள். செயலியின் வேகத்தைக் கிட்டத்தட்ட ஜப்பான் அளவுக்கே வைத்தார்கள்: அங்கே 1.79 மெகாஹெர்ட்ஸ், இங்கே 1.77. ஒலியின் சுருதி அதைப் பொறுத்தது. எனவே சுருதி ஏறக்குறைய அப்படியே நின்றது, தாளம் மட்டும் விளம்பமாகிவிட்டது.

இதற்கு மேல் இன்னொரு கூத்து. இந்தப் பெட்டியின் மெட்டு பெரும்பாலும் இரண்டு சதுர அலைகளால் ஆனது. அலையின் அகலத்தை மாற்றினால் ஒலியின் குணம் மாறும், ஒரு அகலத்தில் மூக்கால் பாடுவதுபோல், இன்னொன்றில் உருண்டையாக. பல நகல் சிப்புகளில் 25 சதவீத அகலமும் 50 சதவீத அகலமும் இடம் மாறிக் கிடக்கின்றன. மெட்டு அதேதான், குரல் வேறு. அந்தத் தவறோடு கேட்டு வளர்ந்த நமக்கு இன்று ஒரிஜினல்தான் தவறாகக் கேட்கிறது.

சரிசெய்ய வழி உண்டு. மெசன், எஃப்சிஇயுஎக்ஸ் போன்ற எமுலேட்டர்களில் பிராந்தியம் தேர்வு செய்யும் இடத்தில் என்டிஎஸ்சி (ஜப்பான், அமெரிக்க டிவி முறை), பால் இவற்றோடு 'டென்டி' என்று ஒன்று இருக்கும். ரஷ்யாக்காரர்களுக்காக வைத்தது. அதைப் போடுங்கள். நம் வீட்டு வேகம் அதுதான். உங்கள் கையில் பெட்டி இருந்து, திறக்கத் துணிவும் இருந்தால், போர்டில் உள்ள வெள்ளிநிறக் கிரிஸ்டலைப் பாருங்கள். 26.601 என்று இருந்தால் 50-ல் ஓடும் பெட்டி; 21.477 என்றால் 60.

கேசட் ஓடவில்லை. ஊதலாமா?

வேண்டாம். ஊதியதும் ஓடியதே என்பீர்கள். ஓடியது ஊதியதால் அல்ல, எடுத்துத் திரும்பச் செருகியதால். எச்சில் ஈரம் செப்புக் காலில் படிந்து நாளாக நாளாகப் பச்சை பிடிக்கும். பழைய கேசட்டைப் பிரித்தால் விளிம்பில் தெரியும் அந்தப் பச்சைக்கு நம் எல்லோருக்கும் பங்கு உண்டு.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், 90 சதவீதத்துக்கு மேல் உள்ளது, எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் தருவார்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, 60 கால்களையும் நீளவாக்கில் துடையுங்கள். குச்சி கறுப்பாக வரும், அடுத்த குச்சி. கறுப்பு நின்றதும் காயவிட்டுச் செருகுங்கள். அழிரப்பர் வைத்துத் தேய்ப்பது பழைய மெக்கானிக் வழக்கம். மேல்பூச்சைச் சுரண்டும் என்பதால் கடைசி முயற்சியாக மட்டும். நகப்பூச்சு நீக்கும் திரவத்தைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள். அதிலுள்ள அசிட்டோன் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்.

ஜாய்ஸ்டிக் பட்டன் வேலை செய்யவில்லை என்றாலும் இதே வைத்தியம். திருகு கழற்றினால் உள்ளே ஒரு ரப்பர் பாய், அதன் அடியில் கறுப்புக் கரிப் பொட்டுகள். அவற்றையும் அவை தொடும் தடத்தையும் மெதுவாகத் துடைத்தால் பாதிக்கு மேல் உயிர் பெற்றுவிடும். டர்போ பட்டன் அருகில் வயர் அறுந்திருந்தால் ஈயம் வைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எல்இடி டிவியில் கன் வேலை செய்யவில்லை. கன் கெட்டுவிட்டதா?

கன் நன்றாகத்தான் இருக்கும். அதிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. அது ஒளியை வாங்கும் கண். விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுக் கறுப்பாகும், அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் வரும். கறுப்பில் இருள், அடுத்ததில் வெளிச்சம் என்று கன் பார்த்தால் வாத்து விழும். இரண்டு வாத்து என்றால் சதுரமும் ஒன்றன்பின் ஒன்றாக வரும், எதைச் சுட்டோம் என்று பிரித்தறிய. முதலில் கறுப்பு வருவது பல்பைக் காட்டி ஏமாற்றுபவர்களுக்காக.

இதில் ஒவ்வொரு கட்டமும் வினாடியில் ஐம்பதில் அல்லது அறுபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் நடந்தாக வேண்டும். எல்சிடி, எல்இடி டிவிகள் படத்தை வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றித் திரைக்கு அனுப்புவதற்குள் அந்த நேரம் போய்விடுகிறது. ஒரிஜினல் கன்னில் வடிகட்டி ஒன்றும் உண்டு: பிக்சர் ட்யூபின் ஒளிக்கதிர் கோடு கோடாக ஓடும் 15 கிலோஹெர்ட்ஸ் துடிப்பை மட்டுமே அது ஏற்கும். கன் வேண்டுமென்றால் ட்யூப் டிவி வேண்டும்.

ட்யூப் டிவிக்கு இனி எங்கே போவது?

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இந்தக் கேள்விக்குச் சிரிக்கலாம். 2006-க்குப் பிறகு அரசு வீடு வீடாகக் கொடுத்த இலவசக் கலர் டிவி இருக்கிறதே, அது 14 அங்குல ட்யூப் டிவி. வெளிநாட்டில் சேர்ப்பவர்கள் இந்த அளவுச் சிறிய டிவிக்கு அலைகிறார்கள். நம் ஊரில் கட்டிலுக்கு அடியில் தலையணை உறை போர்த்திக் கிடக்கிறது. சொந்தக்காரர்களிடம் கேளுங்கள். சொலிடேர், டயனோரா போன்ற பழைய சென்னைத் தயாரிப்புகள் கிடைத்தால் அழகுதான், ஆனால் வயது காரணமாக வேலை வைக்கும்.

வாங்கும்போது ஏவி துளை இருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சள் பின்னில் படம், வெள்ளையில் ஒலி. ஏவி இல்லாவிட்டால் ஆன்டெனா வழிதான், ட்யூனிங் பொறுமை வேண்டும். டிவியின் பின்மூடியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ட்யூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். மெக்கானிக் வேலை அது.

பெட்டி, கேசட் எங்கே தேடுவது? எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் பரண். உங்களுடையது, பிறகு சித்தப்பா வீட்டுடையது. அதற்குப் பிறகுதான் சந்தை. சென்னையில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை நல்ல இடம். பழைய ரேடியோ, கேமரா குவியலுக்கு நடுவே ஜாய்ஸ்டிக் வயர் தலைநீட்டும். காலையிலேயே போய்விடுங்கள். பர்மா பஜாரிலும் ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் இப்போது பழைய சரக்கு அரிது. ஆனால் அடாப்டர், பின், வயர், ஈயம் எல்லாவற்றுக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்தான்.

பெட்டியைத் திருப்பி அடித் திருகுகளைப் பாருங்கள். திறக்க விட்டால் திறந்து பாருங்கள். போர்டில் 40 கால் வைத்த இரண்டு பெரிய சிப்புகள், 6527, 6538 போன்ற எண்களோடு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். முன்காலத்து நகல், படம் நன்றாக வரும், பழுது பார்க்கவும் வழி உண்டு. அதற்குப் பதில் போர்டு நடுவே தார் உருண்டைபோல் கறுப்பாக ஒரு பொட்டு மட்டும் இருந்தால், முழுப் பெட்டியும் அந்த ஒரே சிப்புக்குள். அது போனால் போனதுதான். வாங்கக் கூடாது என்றில்லை, விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

ஜாய்ஸ்டிக் பின்னில் கவனம். 9 ஊசி, 15 ஊசி என்று இரண்டு வகை உண்டு. 9 ஊசி பார்ப்பதற்குச் சேகா ஜாய்ஸ்டிக் போலவே இருக்கும். உள் இணைப்பு வேறு. மாற்றிச் செருகாதீர்கள்.

பல வருஷம் கழித்து முதல்முறை ஆன் செய்யப்போகிறேன்.

பழைய அடாப்டரை நம்பாதீர்கள். பெட்டிக்கு வேண்டியது பெரும்பாலும் 9 வோல்ட் டிசி. உள்ளே 7805 என்ற ரெகுலேட்டர் அதை 5 வோல்ட்டாகக் குறைத்துக்கொள்ளும். மீதி சூடாகப் போகும், பெட்டி கொதிப்பதன் காரணம் அதுதான். வோல்ட்டைவிட முக்கியம் துருவம். பின்னின் நடுவில் மைனஸ் வரும் பெட்டியும் உண்டு, ப்ளஸ் வரும் பெட்டியும் உண்டு. மேலே போட்டிருக்கும் குறியைப் பார்த்து, மல்டிமீட்டரால் சரிபார்த்து, பிறகு செருகுங்கள். உள்ளே கன்டென்சர் தலை உப்பியிருந்தால் அதை மாற்றும்வரை மின்சாரமே காட்ட வேண்டாம்.

மஞ்சளாகிப்போன கூட்டை வெள்ளையாக்கலாமா?

ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைக்கிறார்கள். சில நேரம் திட்டுத் திட்டாக வெளுக்கும், கொஞ்ச நாளில் மஞ்சள் திரும்பியும் வரும். நான் செய்யமாட்டேன். சோப்புத் தண்ணீர் போதும்.

ஜப்பானிலிருந்து ஒரிஜினல் ஃபேமிகாம் வரவழைக்கலாமா?

தெரிந்து வாங்கினால் சரி. அது 100 வோல்ட் நாடு. கூடவே வரும் அடாப்டரை நம் 230-ல் செருகினால் அதோடு முடிந்தது. பெட்டியில் ஆன்டெனா வழி மட்டும்தான், அதுவும் என்டிஎஸ்சி. நம் பழைய டிவியில் படம் கறுப்பு வெள்ளையாக உருளலாம். ஏவி வசதி செய்துதர ஆள் கிடைத்தால் வாங்குங்கள். நல்ல செய்தி: நம் மஞ்சள் கேசட்டும் அதே 60 கால் என்பதால் அதில் போய் உட்காரும். அமெரிக்க என்இஎஸ்ஸில் உட்காராது, அங்கே 72 கால். இடையில் மாற்றி வேண்டும்.

கடையில் விற்கும் '620 கேம்' ஹெச்டிஎம்ஐ பெட்டி?

குழந்தைக்கு வாங்கிக் கொடுங்கள். சேகரிப்பில் சேராது.

ரோம் (கேசட்டிலிருந்து எடுத்த கேம் கோப்பு) இறக்குவது குற்றமா?

இயந்திரத்தின் காப்புரிமைகள் 2000-களின் நடுவிலேயே காலாவதியாகிவிட்டன, அதனால் ஃபேமிகாமுக்கு இணையான பெட்டி செய்வதில் அந்தத் தடை இல்லை. கேம்களின் பதிப்புரிமை அப்படியே இருக்கிறது. கான்ட்ரா வேண்டுமென்றால் அதைச் செய்த கோனாமி நிறுவனம் 2019-ல் கொண்டுவந்த ஆண்டுவிழாத் தொகுப்பில் முறையாகக் கிடைக்கும். நின்டெண்டோ 2016-ல் விட்ட குட்டி என்இஎஸ்ஸில் 30 கேம் உண்டு, ஆனால் அதில் இருப்பது சூப்பர் சி, கான்ட்ரா இல்லை. வாங்கிவிட்டுத் திட்டாதீர்கள்.

'டிவி கேம் ஆடினால் பிக்சர் ட்யூப் போய்விடும்' என்று அப்பா சொன்னது பொய்தானே?

முழுப் பொய் இல்லை. ஒரே படம் மணிக்கணக்கில் அசையாமல் நின்றால் ட்யூபின் உள்பூச்சில் தடம் விழும். ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனதுதான் ஆபத்து, ஆடியது அல்ல. எப்படியும் அப்பாவின் கவலை ட்யூபைப் பற்றியது அல்ல, முழுப் பரீட்சையைப் பற்றியது.

கான்ட்ராவில் 30 உயிர் வாங்கும் வரிசை?

தலைப்புத் திரையில் மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ, பிறகு ஸ்டார்ட். இருவர் ஆட ஸ்டார்ட்டுக்கு முன் செலக்ட். கோனாமியின் கசுஹிசா ஹஷிமோட்டோ, கிரேடியஸ் என்ற கேமைச் சோதித்துப் பார்க்க அது தனக்கே கடினமாக இருந்ததால் வைத்துக்கொண்ட குறுக்குவழி இது. எடுக்காமல் விட்டது உலகத்துக்கே பரவியது. சில நகல் கேசட்டுகளில் 30 உயிரோடு தொடங்கும் கான்ட்ரா தனி வரிசையாகவே இருக்கும்.

மரியோவில் செத்தால் முதலிலிருந்துதான் ஆட வேண்டுமா?

வேண்டாம். கேம் ஓவர் ஆனதும் ஏ பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் அழுத்துங்கள். எந்த உலகத்தில் செத்தீர்களோ அதன் முதல் ஸ்டேஜிலிருந்து தொடங்கும். 3-1-ன் முடிவில் படியில் இறங்கும் ஆமையை மிதித்து மிதித்து உயிர் சேர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: 127-ஐத் தாண்டினால் எண்ணிக்கை மைனஸில் விழுந்து, அடுத்த சாவிலேயே ஆட்டம் முடிந்துவிடும்.

டக் ஹன்ட்டில் சிரிக்கும் நாயைச் சுட முடியுமா?

வீட்டுப் பதிப்பில் முடியாது. ஆனால் ஒரு வாத்து வரும் ஆட்டத்தில் ஜாய்ஸ்டிக்கை வைத்து வாத்தைப் பறக்கவிடலாம். கன் தம்பியிடம் இருக்கட்டும், வாத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.